மூன்று கோடு போட்ட கொக்கி

போன வாரம் துப்பாக்கிப் பட்டறைத் தம்பிகள் நீங்கள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். பழைய பம்ப் துப்பாக்கிகளுக்கு உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், நம்பி வாங்கக்கூடிய ஆள் யார் என்று. செய்த கம்பெனி செய்வதை நிறுத்திவிட்டது, மேலே இருப்பவர் தினமும் கத்துகிறார், ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள் ஐயா என்றீர்கள். நான் கோப்பி கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி, உங்களை அனுப்பிவிட்டேன். கிழவனுக்கு மறதி வந்துவிட்டது என்று படியிறங்கும்போது பேசிக்கொண்டிருப்பீர்கள். மறதி வந்திருந்தால் நான் கொடுத்துவைத்தவன். அந்தக் கேள்வியைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு ஒரு கொக்கி ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். நேரில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதித் தருகிறேன்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் பட்டறை இருந்தது. அதற்கு முன்பு அது ஒரு வெள்ளைக்காரன் நடத்திய துப்பாக்கிக் கடை. அவன் கப்பலேறிய மறுமாதமே ஜப்பானியர்கள் கடையை எடுத்துக்கொண்டார்கள், எங்களையும் சேர்த்துத்தான். தோட்டத் துரைமார்களிடம் பறித்த பம்ப் துப்பாக்கிகளை அரிசிக் கிடங்குக் காவலுக்கும் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருந்த காவல் சாவடிகளுக்கும் கொடுத்திருந்தார்கள். ஊர்ப் பேச்சில் சினாப்பாங் என்ற அந்தத் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது எங்கள் வேலை. எனக்கு இருபத்தைந்து வயது. என்னை விட்டால் பினாங்கில் ஆள் கிடையாது என்ற நினைப்பு தலைக்குள் நன்றாக ஏறியிருந்தது.

எங்களுக்கு மேல், கணக்கும் பதிவும் பார்க்க, ஒரு கிராணியார் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையை ஒரு நாளும் கசங்கவிடமாட்டார். சோப்பு கிடைக்காத காலத்தில் அந்தச் சட்டை எப்படி வெளுப்பாக இருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்காத மர்மம். பட்டறையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் "சரி" என்று கையெழுத்துப் போடுபவர் அவர்தான்.

பம்ப் துப்பாக்கியில் எது உடையும் என்று உங்களுக்குத் தெரியும். கொக்கி. முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்ததும் சுட்ட தோட்டாவின் கூட்டைப் பிடித்து வெளியே தள்ளுகிற, சுண்டு விரல் நீளம்கூட இல்லாத அந்தத் துண்டு. அது போனால் கூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு குண்டு சுடலாம். அதற்குப் பிறகு துப்பாக்கி வெறும் தடிதான்.

முதலில் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரிடம் கொக்கி செய்து வாங்கினேன். பார்க்க லட்சணமாக இருக்கும், பத்து நாளில் வெல்லக் கட்டி மாதிரி மழுங்கிவிடும். துறைமுகக் கிடங்கிலிருந்து ஒரே வாரத்தில் நான்கு துப்பாக்கிகள் திரும்பி வந்தன. எங்களுக்குப் பொறுப்பான ராணுவ அதிகாரி அந்த நான்கையும் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். கிராணியாரைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். இடுப்பில் இருந்த வாளின் பிடியைத் தொட்டுக் காட்டி, இன்னொரு தடவை இப்படி வந்தால் கையெழுத்துப் போட்டவன் தலை என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைக் கிராணியாரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கிராணியார் குனிந்து வணங்கிவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார், மூடி திறக்க வரவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

அப்போதுதான் சூசை கிடைத்தான்.

கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் பஸ் பட்டறை மெக்கானிக். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன், நல்ல உயரம், வாய் ஓயாது. பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் பஸ் ஓட்டிய காலம் அது. ஓடாமல் கிடந்த பஸ்களின் பட்டை ஸ்பிரிங்கை வெட்டி அவன் கொக்கி செய்தான். முதல் கொக்கியைக் கையில் வாங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒரு உருக்கு. அப்படி ஒரு பொருத்தம். புதன்கிழமை தவறாமல் ஃபெரியில் வந்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்து ஒன்றோ இரண்டோ எடுத்து வைப்பான்.

"எனக்கு ஜப்பான்காரன் அடிச்ச வாழைமர நோட்டு வேணாம்ண்ணே. அத வச்சு மூக்குதான் சிந்தலாம். கழட்டுன பழைய கொக்கி இருந்தா குடுங்கலா. அளவு பாக்க ஒதவும்."

இங்கேதான் என் முதல் தப்பு. எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. கழித்த பாகத்தின் குறுக்கே அரத்தால் ஒரு ஆழமான வெட்டுப் போட்ட பிறகுதான் அது மேசையை விட்டுப் போகவேண்டும். "காயம் போடுவது" என்போம். யாரும் அதைத் திரும்பவும் ஒரு துப்பாக்கியில் மாட்டிவிடக்கூடாது என்பதற்காக. அளவு பார்க்கத்தானே கேட்கிறான், வெட்டினால் அளவு கெடுமே என்று நான் காயம் போடாமலே கொடுத்தேன். நல்ல சப்ளையர் கிடைத்துவிட்டால் நமக்கு ஒரு மயக்கம் வரும். அவன் மனம் கோணக்கூடாது என்று தோன்றும். உங்களுக்கும் வரும், பாருங்கள்.

இனி என் அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். என் அக்காவின் கணவர். தோட்டத்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அரிசி கிடைக்கும் என்பதற்காகச் சிம்பாங் அம்பாட் காவல் சாவடியில் காவலாளாகச் சேர்ந்திருந்தார். அவருக்குக் கொடுத்த துப்பாக்கியின் எண் முப்பத்தேழு. பொருத்தும் கொக்கியின்மேலும் அந்த எண்ணை அடிப்போம், பக்கத்தில் பொருத்தியவனின் பட்டறை எண்ணையும். அது பழுதுக்கு வந்தபோது சூசையின் கொக்கிகளிலேயே சிறந்ததைப் பொறுக்கி, ஒரு முழு நாள் உட்கார்ந்து இழைத்துப் பொருத்தினேன். அக்காவுக்கு இரண்டு குழந்தைகள். எவனாவது சாவடியைத் தாக்கினால் அத்தான் கையில் இருக்கும் துப்பாக்கி சதி செய்யக்கூடாது. கடைசியாக, யாருக்கும் தெரியாமல், கொக்கியின் அடிவயிற்றில் மெல்லிய அரத்தால் மூன்று கோடு இழுத்தேன். திருநீற்றுப் பட்டை மாதிரி. பார்க்கிறவர்களுக்கு அரம் பட்ட கீறல் என்றுதான் தோன்றும். கும்பிட்டுவிட்டு அனுப்பினேன். அத்தானிடம் மட்டும் அந்த வாரம் சொன்னேன், சிரித்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை. மறுநாள் காலை அதிகாரி வந்து துறைமுகத் துப்பாக்கிகளை ஆய்வு செய்யப்போகிறார். எல்லாம் தயார், ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கொக்கி இல்லை. சூசை மத்தியானம் வந்தான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஒரு கொக்கியை மேசையில் வைத்தான். எண்ணெயைத் துணியால் துடைத்தேன். எண் இருந்த இடம் அராவி மழுக்கப்பட்டிருந்தது. திருப்பினேன்.

மூன்று கோடு.

எனக்கு அந்த நிமிஷம் காது அடைத்துவிட்டது. தெருவில் போன மாட்டுவண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இது இங்கே இருக்கிறது என்றால் முப்பத்தேழுக்குள் என்ன இருக்கிறது? அத்தான் எதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்? உயிரோடு நிற்கிறாரா?

சூசையின் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"எங்கடா கழட்டுன இத?"

"விடுங்கண்ணே. மத்த கொக்கியெல்லாம் என் கையால பண்ணது, மாதா மேல சத்தியம். இந்த வாரம் ஸ்பிரிங் கிடைக்கல. புதன்கிழமை குடுக்கிறேன்னு சொல்லிட்டேன், நாளைக்கு ஆய்வு, கிராணியார் தலைன்னு நீங்கதான சொன்னீங்க?"

"எங்க கழட்டுனன்னு கேக்குறேன்!"

"சிம்பாங் அம்பாட்ல. சாவடி லோரிய பாக்கப் போனேன். நீங்க குடுத்த வளைஞ்ச கொக்கி ஒண்ண அதுக்குள்ள போட்டுட்டு வந்தேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. உங்க அத்தானக் கேளுங்க."

சட்டையை உதறிக்கொண்டு போய்விட்டான். நான் காயம் போடாமல் கொடுத்த கொக்கி, என் அக்கா புருஷனுடைய துப்பாக்கிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மாதமாக இந்த ஆளை எல்லோரிடமும் தங்கம் தங்கம் என்று புகழ்ந்துகொண்டிருந்தேன். பாகம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூட அவனுடைய பட்டறைக்குப் போய்ப் பார்க்கவில்லை.

கிராணியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கொக்கி ஒன்று, துப்பாக்கி இரண்டு. துறைமுகத் துப்பாக்கியில் மாட்டாவிட்டால் நாளைக் காலையில் அவர் தலைக்கு ஆபத்து. மாட்டினால், இன்றைக்கே சாவடி தாக்கப்பட்டால் அத்தான் கதி என்ன? அந்த வட்டாரத்தில் ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்தவர்கள் சாவடிகளைத் தாக்கிக்கொண்டிருந்த சமயம் அது.

அவர் கொக்கியை வாங்கி அந்த மூன்று கோட்டைப் பார்த்தார். என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"தம்பி, நாளைக்கு ஆய்வு முடியுமட்டும் இது இஞ்சை இருக்கட்டும் எண்டு நான் சொன்னால், அது என்ரை உயிருக்காகச் சொல்லுற கதை. அதாலை நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீர் யோசிச்சுச் செய்யும். என்ன செய்தாலும் நான் உம்மிலை கோவிக்கமாட்டன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன் உயிரை மேசைமேல் வைத்துவிட்டு அவர் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார்.

ஆய்வு நிச்சயம் நடக்கும், தாக்குதல் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் கொக்கியைத் துறைமுகத் துப்பாக்கியில் மாட்டினேன். சரியான கணக்கு என்று அறிவு சொன்னது. ஆனால் அன்றைக்கு அக்கா வீட்டுப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை.

காலையில் அதிகாரி வந்தார். வரிசையில் இருந்த துப்பாக்கிகளை எண்ணினார். மூன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார். நான் கொக்கி மாட்டியதைத் தொடவே இல்லை. கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். இதற்காகவா என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கிராணியார் பயண அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். கொக்கியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஓடினேன். ஃபெரி, அப்புறம் கரிப்புகை பஸ், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய ஒரு லோரி. சிம்பாங் அம்பாட் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது.

சாவடி வாசலில் அத்தான் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு, முழுசாக, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு. பழுது பார்க்க வந்திருக்கிறேன் என்று மற்றக் காவலாளிடம் சீட்டைக் காட்டிவிட்டு அவரைப் பின்பக்கம் லோரிக் கொட்டகைக்கு அழைத்துப்போனேன். கைக்குட்டையை அவிழ்த்தேன்.

"அத்தான், உங்க சினாப்பாங்ல இருந்து இத திருடிட்டான் அந்த சூசை. உள்ள இருக்கிறது வளைஞ்ச கொக்கி. குடுங்க, அஞ்சு நிமிஷத்துல மாத்திடுறேன்."

அவர் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை.

"திருடல. நான்தான் கழட்டச் சொன்னேன். தூக்கிப் போடுடான்னேன். உங்கிட்டயே கொண்டாந்து குடுத்துட்டானா, மடையன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"போன மாசம் அரிசி லோரி ஒண்ணு இந்த முனையில சாஞ்சுது. மூட்டை கிழிஞ்சு ரோட்டுல கொட்டிருச்சு. பக்கத்து ஊரு கம்பத்து ஆளுங்க வந்து அள்ளுனாங்க. காவலுக்கு நின்ன ஜப்பான்காரன் சுடுன்னான். மேல பாத்துச் சுட்டேன். எல்லாம் ஓடிருச்சு, ஒரு பொம்பள மட்டும் போகல. முந்தானைய விரிச்சு அள்ளிக்கிட்டே இருந்தா. பக்கத்துல நின்னவன் வாள எடுத்து என் கழுத்துல வச்சு, இன்னொண்ணுன்னான். இழுத்தேன். உன் கொக்கி நல்லா வேலை செஞ்சுதுடா தம்பி. கூடு அழகா வெளிய வந்து விழுந்துச்சு. அடுத்தது ஏறிருச்சு."

அந்த இரண்டாவது குண்டுதான் அந்தப் பெண்ணைச் சாய்த்திருக்கிறது.

"உள்ள கூடு மாட்டியிருந்தா, பழுது ஐயா, சுட முடியலன்னு சொல்லிருப்பேன்லா. அடிப்பான். அடிச்சிட்டுப் போறான். ஒரு வாரம் சோறு எறங்கல. அப்புறம்தான் சூசை லோரி பாக்க வந்தான்."

தம்பிகளே, இந்தத் தொழிலில் நாற்பது வருஷம் இருந்தேன். அந்தக் கொட்டகையில் வாங்கிய அடி மாதிரி வேறெங்கும் வாங்கியதில்லை. ஒரு முழு நாள் இழைத்தேனே. கும்பிட்டேனே. திருநீறு போட்டு அனுப்பினேனே. அது காப்பாற்றும் என்று நினைத்த ஆளுக்கு அது என்ன செய்துவிட்டது! யார் அந்தப் பெண், பெயர் என்ன, எந்தக் கம்பம், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டுப் போகும் தைரியம் அன்றைக்கும் இல்லை, பிறகும் வரவில்லை.

"இத மாட்டாம விட்டா, எவனாவது சாவடிய தாக்குனா நீங்க செத்துருவீங்க அத்தான். ஒரு குண்டுதான் இருக்கும்."

"தெரியும்."

"அக்காவுக்கு நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. மாட்டாம விட்டுட்டுப் போ. உன் கையப் புடிச்சுக் கேக்குறேன்."

கைக்குட்டையில் அந்தக் கொக்கி. வாசல் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்கிறது, யாரோ வருகிறார்கள். யோசிக்க நேரம் இல்லை. என் வேலை துப்பாக்கியைச் சுட வைப்பது. அக்காவின் முகம் ஒரு பக்கம், அத்தானின் முகம் ஒரு பக்கம்.

துப்பாக்கியை வாங்கித் திறந்தேன். உள்ளே இருந்த வளைந்த கொக்கியை எடுத்துப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, சூசை அவசரத்தில் மாட்டியிருக்கிறான். விவரம் தெரிந்தவன் திறந்தால் வேண்டுமென்றே செய்தது என்று சொல்லிவிடுவான், அத்தானைக் கட்டிவைத்துவிடுவான். அதை நாள்பட்டுத் தேய்ந்ததுபோல் ஆக்கினேன். எப்படி என்று எழுதமாட்டேன். பிறகு பையிலிருந்து எண் அடிக்கும் ஆணியச்சை எடுத்து அதன்மேல் முப்பத்தேழு என்று அடித்தேன். பக்கத்தில் நான்கு என்று அடித்தேன். நான்கு என்பது பட்டறையில் என் எண். கொக்கி பிடிபட்டால் அதைப் பொருத்திய ஆளைத்தான் முதலில் கேட்பார்கள். நான் வீரன் இல்லை. பூட்ஸ் சத்தம் நெருங்கியது, அவசரத்தில் நான்கு கோணலாக விழுந்தது, அப்படியே உள்ளே மாட்டிவிட்டேன்.

திரும்பி வந்து கிராணியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பதிவேட்டில் முப்பத்தேழுக்கு நேரே "சரி" என்று எழுதினார். பேனா மூடியை அன்றைக்கு அவரே திறந்துகொண்டார். மூன்று கோட்டுக் கொக்கியைத் துறைமுகத் துப்பாக்கியில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. சூசையை அந்த வாரமே தேடிப்போய், அவன் பட்டறையில் அவன் அருகிலேயே உட்கார்ந்து, ஸ்பிரிங்கை வெட்டுவதிலிருந்து முடிப்பதுவரை பார்த்து வேறு ஒன்று வாங்கிவந்தேன். சட்டையைப் பிடித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். "பரவால்லண்ணே, கிழிஞ்ச சட்டைதான்" என்றான்.

ஒன்றரை மாதம் கழித்துச் சாவடிக்கு எதிரே இருந்த அரசாங்க மரவள்ளித் தோட்டத்தில் கிழங்கு பிடுங்க ஆட்கள் புகுந்தார்கள். சுடச் சொன்னார்கள். அத்தான் வானத்தைப் பார்த்துச் சுட்டார். இன்னொன்று என்றார்கள். இழுத்தார், கூடு மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார். வரவில்லை. அதற்குள் வந்தவர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். துப்பாக்கியைப் பிடுங்கி அதன் கட்டையாலேயே அவர் இடது காதில் அடித்தார்கள்.

துப்பாக்கி பட்டறைக்கு வந்தது, அதிகாரியும் கூடவே வந்தார். கோணல் நான்கைக் காட்டி யார் என்றார். முன்னே போனேன். அன்றைக்குப் போன இரண்டு பற்களுக்குப் பதிலாகக் கட்டிய பற்களைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபோது கிராணியார் குறுக்கே வந்து நின்று குனிந்தார். கிழட்டுத் துப்பாக்கி, பாகம் கிடையாது, இருப்பதை வைத்துத்தான் ஒப்பேற்றுகிறோம், கையெழுத்து என்னுடையது என்று சொல்லிக்கொண்டே குனிந்தபடி நின்றார். அந்த வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. அதிகாரி என்ன நினைத்தாரோ, வாளைத் தொடாமல் போய்விட்டார். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்ட பெயருக்கு வருகிறேன். சூசை போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவன் மகன் அதே ஊரில் பட்டறை வைத்திருக்கிறான், அப்பன் கை அவனுக்கும் உண்டு. போங்கள். ஆனால் உட்கார்ந்து பாருங்கள், எங்கிருந்து எடுக்கிறான் என்று கேளுங்கள், கழித்ததைக் காயம் போடாமல் கொடுக்காதீர்கள். அந்தத் துப்பாக்கி யார் கைக்குப் போகிறது, அங்கே என்ன நடக்கிறது என்பதையும் விசாரியுங்கள். அது உங்கள் வேலை இல்லை என்று மேலே இருப்பவர் சொல்வார். என்னிடமும் சொன்னார்கள்.

அத்தான் அந்தக் காதோடு இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்தார். அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் கேட்காது. அக்காவுக்கு நாங்கள் இருவரும் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் இலை போட்டு எனக்குப் பரிமாறும்போது அவள் தவறாமல் ஆரம்பிப்பாள்.

"ஊர்ல உள்ளவன் துப்பாக்கியெல்லாம் பழுது பாத்த. சொந்த அக்கா புருஷன் துப்பாக்கிய மட்டும் ஒழுங்கா பாக்கலியேடா. உன்னாலதான் இவருக்கு காது போச்சு."

நான் இலையைப் பார்த்தபடி சாப்பிடுவேன். அத்தான் கேட்காத காதை அக்கா பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, என் இலையில் இன்னொரு வடையை எடுத்து வைப்பார்.